எழுதிய தகட்டிலிருந்தே நிரலை ஓட்டும்போது வரும் பிழைகள்: அறிகுறி பார்த்து நீக்கும் வழிமுறை

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்து லேத் பட்டறைகளில், எண்ணெய்க் கறை படிந்த மேசையின் மேல் இணைய இணைப்பே இல்லாத பழைய கணினி ஒன்று இன்றும் வேலை செய்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். அந்தக் கணினியில் பென் டிரைவைச் செருகப் பட்டறைக்காரர்கள் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் எங்கிருந்தோ வந்த வைரஸால் ஒரு வாரம் வேலை நின்றுபோன பட்டறைகள் அந்தத் தெருக்களில் பல உண்டு. எழுதி மூடப்பட்ட குறுந்தகட்டில் அதற்குப் பிறகு எவராலும் எதையும் சேர்க்க முடியாது. எழுதிய அன்று சுத்தமாக இருந்த தகடு பத்துக் கணினிகளுக்குப் போய்த் திரும்பினாலும் சுத்தமாகவே இருக்கும். உதிரிபாகப் பட்டியல், கிணற்றின் ஆழத்தையும் குழாயின் விட்டத்தையும் கொடுத்தால் ஏற்ற மோட்டாரைச் சொல்லும் நிரல், பள்ளிக்கான பாட நிரல் ஆகியவற்றைக் கணினியில் நிறுவாமல் தகட்டிலிருந்தே ஓட்டும் வழக்கம் இங்கே நீடிப்பதற்கு இதுவே காரணம்.

இத்தகைய தகடுகளை எழுதிக் கொடுப்பதும், பிறர் எழுதிய தகடு ஓடாதபோது போய்ப் பார்ப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. ஓடவில்லை என்று என்னிடம் வரும் தகடுகளில் பெரும்பாலானவை பழுதான தகடுகள் அல்ல. வன்வட்டில் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட நிரலை, எழுத இடம் தராத ஒரு தட்டில் அப்படியே ஏற்றிவிட்டதால் வந்த கோளாறுகள்தான் அவற்றில் மிகுதி. ஆகவே தகட்டைத் துடைப்பதற்கும் புதிய டிரைவ் வாங்குவதற்கும் முன்னால், கோளாறு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பிரித்தறிவது நல்லது.

அதற்கு இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, தகட்டில் உள்ள அனைத்தையும் வன்வட்டில் ஒரு புதிய கோப்புறைக்கு நகலெடுத்து, அங்கிருந்து நிரலை ஓட்டிப் பார்ப்பது. நகலெடுப்பது பாதியில் நின்றால் தகட்டையோ டிரைவையோ சந்தேகிக்க வேண்டும். நகல் முழுமையாக வந்து, அங்கே நிரலும் ஓடினால், தகடு நன்றாகவே இருக்கிறது, நிரல் எழுத முயன்றோ இடம் தெரியாமலோ தடுமாறுகிறது என்று பொருள். நகல் வந்தும் ஓடவில்லை என்றால், அந்தக் கணினியில் நிரலுக்கு வேண்டிய ஏதோ ஒன்று இல்லை. இரண்டாவது சோதனை, அதே தகட்டை வேறொரு கணினியில் போட்டுப் பார்ப்பது. இந்த இரண்டின் முடிவையும் தெரிந்துகொண்டு கீழே உள்ள அறிகுறிகளுக்கு வந்தால் நேரம் மிச்சமாகும்.

தகட்டைப் போட்டதும் நிரல் தானாகத் திறக்கவில்லை

இது பெரும்பாலும் கோளாறே அல்ல. விண்டோஸ் 95 காலத்தில் தகட்டைப் போட்டவுடன் நிரல் தானாக ஓடத் தொடங்கும். விண்டோஸ் விஸ்டா முதல், என்ன செய்ய வேண்டும் என்று கணினி கேட்டுவிட்டுத்தான் ஓட்டும். கணினி ஒன்றுமே கேட்காவிட்டால் டிரைவைத் திறந்து நிரல் கோப்பை இருமுறை சொடுக்கிப் பாருங்கள். அப்படி ஓடினால், தகட்டைப் போட்டதும் எதைத் திறப்பது என்று விண்டோஸுக்குச் சொல்லும் ஆட்டோரன் கோப்பில் மட்டுமே பிழை. அந்தக் கோப்பு ஏதாவது கோப்புறைக்குள் கிடக்காமல் தகட்டின் முதல் நிலையில் இருக்க வேண்டும். நோட்பேடில் சேமிக்கும்போது அதன் பெயரின் பின்னால் டிஎக்ஸ்டி என்ற ஒட்டு கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்துவிடுவது மிகவும் வழக்கமான தவறு. கோப்பு ஒட்டுகளைக் காட்டும்படி விண்டோஸில் அமைத்துக்கொண்டு பார்த்தால் அது தெரியும். திறக்க வேண்டிய நிரலின் பெயருக்கு முன்னால் டிரைவ் எழுத்தை எழுதியிருந்தாலும் பிற கணினிகளில் வேலை செய்யாது.

தகடு காலியாகத் தெரிகிறது, அல்லது தகட்டைப் போடச் சொல்லிக் கேட்கிறது

எழுதிய கணினியில் மட்டும் திறந்து, பிற கணினிகளில் காலியாகத் தெரியும் தகடு பெரும்பாலும் மூடப்படாத தகடு. எழுதும் மென்பொருளில் இறுதியாகத் தகட்டை மூடும் தேர்வு ஒன்று இருக்கும். அதைச் செய்யாமல் எடுத்த தகட்டை எழுதிய டிரைவ் மட்டும் படிக்கக்கூடும். விஸ்டாவும் அதற்குப் பின்வந்த விண்டோஸ் பதிப்புகளும் காலித் தகட்டைப் போட்டவுடன், பென் டிரைவைப் போலப் பயன்படுத்தப் போகிறீர்களா, சிடி டிவிடி பிளேயரில் பயன்படுத்தப் போகிறீர்களா என்று கேட்கும். பிறருக்குக் கொடுக்கும் தகடு என்றால் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் வேறொரு அமைப்பில் எழுதப்படும். பழைய இயங்குதளங்கள் அதைப் படிக்காமல் போகலாம்.

ஒரே தகட்டில் இன்று கொஞ்சம், அடுத்த மாதம் கொஞ்சம் என்று பல அமர்வுகளாக எழுதியிருந்தால், சில டிரைவுகள் முதல் அமர்வை மட்டுமே காட்டும். திருத்திய நிரலை இரண்டாம் அமர்வில் சேர்த்துவிட்டு, பழைய நிரலே ஓடுகிறது என்று குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். தகட்டின் விலைக்குப் பார்க்காமல் ஒவ்வொரு பதிப்பையும் புதிய தகட்டில் ஒரே அமர்வாக எழுதுவதே சரி.

மீண்டும் மீண்டும் எழுதக்கூடிய ஆர்டபிள்யூ தகட்டைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஒருமுறை மட்டும் எழுதும் தகடு தன்மேல் விழும் லேசர் ஒளியில் 65 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ தகடு அனுப்புவது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். லேசர் மங்கிய பழைய டிரைவுக்கு அந்த ஒளி போதாது. சோதனைக்கு ஆர்டபிள்யூ தகட்டைப் பயன்படுத்துங்கள், ஆனால் கைமாற்றும் தகடாக அதைக் கொடுக்காதீர்கள்.

டிவிடி படிக்கிறது, சிடி மட்டும் படிக்கவில்லை, அல்லது அதற்கு நேர்மாறாக நடக்கிறது என்றால் நிரலில் தேட வேண்டியதில்லை. சிடிக்கு 780 நானோமீட்டர் லேசரும் டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசரும் வேண்டும். ஒரே டிரைவில் இரண்டும் உண்டு, அவற்றில் ஒன்று மட்டும் பழுதாகலாம். தகட்டைத் திறந்தால் உள்ளே ஐஎஸ்ஓ என்று முடியும் ஒற்றைக் கோப்பு மட்டும் கிடந்தால், முழுத் தகட்டையும் ஒரே கோப்பாக அடக்கிய படிமத்தை விரித்து எழுதாமல் வெறும் கோப்பாக எழுதிவிட்டார்கள் என்று பொருள். விண்டோஸ் 7 முதல் அந்தக் கோப்பின் மேல் வலச்சொடுக்கிப் படிமத்தை எழுதும் தேர்வைத் தேர்ந்தெடுக்கலாம். வேறு மென்பொருள் வேண்டியதில்லை.

சுழன்றுகொண்டே இருக்கிறது, அல்லது குறிப்பிட்ட இடத்தில் வந்து நிற்கிறது

"போட்டா சுத்திக்கிட்டே கெடக்குதுங்க, ஒன்னும் வரமாட்டேங்குதுங்க" என்று தொலைபேசியில் சொல்வார்கள். சற்று நேரம் கழித்து சைக்ளிக் ரிடண்டன்சி செக் என்ற பிழைச் செய்தி வந்தால், படித்த தரவு சரிபார்ப்புக் கணக்கோடு பொருந்தவில்லை என்று கணினி சொல்கிறது. இது நகலெடுக்கும் சோதனையிலும் வரும்.

சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களிலும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் முதலில் பார்க்க வேண்டியது பஞ்சுத் தூசியை. காற்றில் மிதக்கும் நுண்ணிய பஞ்சு டிரைவின் லென்சில் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. கணினியைத் தறி ஓடும் அறையிலிருந்து கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மாற்றியபின் டிரைவுகள் நெடுநாள் உழைத்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். அந்தக் கணினி எந்தத் தகட்டையும் படிக்கத் திணறினால் லென்சைத் துடைக்க வேண்டும்; ஒரு தகட்டில் மட்டும் திணறினால் அந்தத் தகட்டைத் துடைக்க வேண்டும். பருத்தித் துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைப்பதே முறை. வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் தரவு ஓடும் திசையிலேயே நீளமாக விழுந்து, பிழைதிருத்தும் கணக்கால் சரிசெய்ய முடியாத அளவுக்குத் தொடர்ச்சியான இழப்பை உண்டாக்கும்.

சிடியில் தரவு உள்ள அடுக்கு, பளபளக்கும் அடிப்பக்கத்தில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது பெயர் எழுதும் மேற்பக்கத்துக்கு ஒட்டினாற்போல், மெல்லிய வார்னிஷ் பூச்சுக்குக் கீழேதான் இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே அது சிதையும். டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே இருப்பதால் அந்த அச்சம் குறைவு. மார்க்கர் பேனாவால் மெதுவாக எழுதுங்கள். காகித ஒட்டி ஒட்டாதீர்கள், வேகமாகச் சுழலும்போது எடை ஒருபக்கம் சாய்ந்து தகடு அதிரும்.

நிரல் திறந்து, சில பக்கங்கள் வேலை செய்து, குறிப்பிட்ட ஒரு படமோ பட்டியலோ மட்டும் வராமல் நிற்கிறது என்றால் தகட்டின் வெளி விளிம்பைப் பாருங்கள். தரவு நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாகச் சுருள்வதால் கடைசியாக எழுதப்படும் கோப்புகள் விளிம்பில் வந்து உட்காருகின்றன. விரல் படுவதும் கீறல் விழுவதும் அங்கேதான். 700 மெகாபைட் தகட்டை நான் ஒருபோதும் முழுவதும் நிரப்புவதில்லை. 650 மெகாபைட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். 52 மடங்கு வேகம் என்று டிரைவில் அச்சிட்டிருந்தாலும் சிடியை 16 மடங்கிலும் டிவிடியை 8 மடங்கிலும் எழுதி, எழுதி முடித்ததும் சரிபார்க்கும் தேர்வை ஒருபோதும் தவிர்ப்பதில்லை. எழுதும் கணினிக்கு யூபிஎஸ் இருப்பது கட்டாயம், ஏனென்றால் நடுவில் மின்சாரம் நின்ற தகடு குப்பைக்குத்தான் போகும். எழுதிய தகட்டின் சாயம் வெயிலைத் தாங்காது. ஆகவே விற்பனையாளர்கள் அதைக் காரின் முன்கண்ணாடிக்கு அருகே போட்டுவிட்டுத் தாராபுரம் வரை போய்வரக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியே கொடுக்கிறேன்.

நிரல் திறக்கிறது, ஆனால் சேமிக்கும்போதோ தேடும்போதோ பிழை வருகிறது

எல்லா அறிகுறிகளிலும் இதுதான் மிகுதி. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தகடு படிக்க மட்டுமே. ஆனால் நிரல்களில் பெரும்பாலானவை தாம் இருக்கும் கோப்புறையிலேயே எழுதும் பழக்கத்தோடு செய்யப்பட்டவை. கடைசியாகத் திறந்த பக்கம் எது, சாளரம் திரையில் எங்கே இருந்தது, எந்த மொழி தேர்ந்தெடுக்கப்பட்டது என்பன போன்ற சிறு குறிப்புகளை ஐஎன்ஐ கோப்பில் எழுத முயலும். தற்காலிகக் கோப்பு ஒன்றை அங்கேயே உருவாக்க முயலும். தேடலுக்காக ஒரு சுட்டுக் கோப்பை (இண்டெக்ஸ்) கட்ட முயலும். வன்வட்டில் இவையெல்லாம் சத்தமின்றி நடந்துவிடுவதால், நிரலை எழுதியவருக்கே தம் நிரல் எங்கெல்லாம் எழுதுகிறது என்பது தெரிவதில்லை.

பம்புசெட்டு விற்பனையாளர்களுக்காக ஒருமுறை 50 தகடுகள் எழுதினேன். கோவையில் மூன்று கணினிகளில் திறந்து பார்த்துவிட்டே அனுப்பினேன். பொள்ளாச்சியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் அடுத்தடுத்து அழைப்புகள் வந்தன: மோட்டாரைத் தேர்ந்தெடுத்து விலைப்பட்டியல் கேட்டவுடன் பிழை எண் 75 என்று சொல்லி நிரல் மூடிக்கொள்கிறது. விஷுவல் பேசிக் 6 நிரல்களில் அந்த எண், பாதையையோ கோப்பையோ அணுக முடியவில்லை என்பதைக் குறிக்கும். விலைப்பட்டியலை அச்சுக்கு அனுப்பும் முன் நிரல் அதைத் தன் கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பாக எழுதிக்கொண்டிருந்தது. நான் சோதித்தபோது நிரலைத் திறந்து பட்டியலைப் பார்த்தேனே தவிர, அச்சுவரை போகவில்லை. அன்றிலிருந்து நிரலின் ஒவ்வொரு பொத்தானையும் தகட்டிலிருந்தே அழுத்திப் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை.

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் நிரல்களில் இந்தக் கோளாறு வேறு வடிவில் வரும். எம்டிபி கோப்பைத் திறக்கும்போது, யார் யார் திறந்திருக்கிறார்கள் என்பதைக் குறிக்க அதே இடத்தில் எல்டிபி என்ற பூட்டுக் கோப்பு உருவாக வேண்டும். தகட்டில் அது உருவாக முடியாது. நிரல் படிப்பதற்கு மட்டும் என்று கேட்டுத் திறந்தால் பிழை வராது. எழுதவும் வேண்டும் என்று கேட்டுத் திறந்தால் முரண்டு பிடிக்கும். திறந்துவிட்டபின் ஒரு வரியைத் திருத்த முயன்றால், புதுப்பிக்கக்கூடிய வினவல் (தரவுத்தளத்துக்கு இடும் கட்டளை) வேண்டும் என்ற பொருள்படும் செய்தி வரும். அந்தச் செய்தியைப் பார்த்து வினவலில் தவறு தேடிக்கொண்டு உட்காராதீர்கள்.

நிரலின் மூலக் குறிமுறை உங்கள் கையில் இல்லை, தகட்டை ஓட்ட மட்டுமே வேண்டும் என்றால், முழுத் தகட்டையும் வன்வட்டுக்கு நகலெடுத்து ஓட்டுவதே தீர்வு. நகலெடுத்த பிறகும் அதே பிழை வந்தால் கோப்புறையின் மேல் வலச்சொடுக்கிப் பண்புகளைத் திறந்து, படிக்க மட்டும் என்ற குறியை உள்ளிருக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் சேர்த்து நீக்குங்கள். தகட்டிலிருந்து வந்த கோப்புகள் சில வேளைகளில் அந்தக் குறியோடேயே வந்துவிடும். நகலைப் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். விஸ்டாவிலிருந்து அங்கே எழுதப்படுபவை வேறொரு மறைவான இடத்துக்குத் திருப்பப்படுவதால், சேமித்தது எங்கே போனது என்ற புதிய குழப்பம் வரும்.

நிரல் உங்களுடையது என்றால் மாற்ற வேண்டியது நிரலை. எழுத வேண்டிய அனைத்தையும் பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்கும், தற்காலிகமானவற்றை விண்டோஸ் சொல்லும் தற்காலிகக் கோப்புறைக்கும் அனுப்புங்கள். தரவுத்தளம் திருத்தப்படக்கூடியது என்றால், நிரல் முதல் முறை ஓடும்போது தகட்டில் உள்ள தரவுத்தளத்தை அங்கே நகலெடுத்துக்கொண்டு, பின்னர் நகலையே திறக்கட்டும். திருத்தப்படாதது என்றால் படிப்பதற்கு மட்டும் என்று சொல்லித் திறக்கட்டும். எழுத முடியாதபோது நிரல் செத்துவிடாமல், சேமிக்க இயலவில்லை என்று தமிழில் ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடர்ந்து ஓடுவது பட்டறைக்காரருக்கு நாம் செய்யக்கூடிய சிறிய மரியாதை.

என் கணினியில் ஓடுகிறது, அவர் கணினியில் ஓடவில்லை

முதலில் டிரைவ் எழுத்தைப் பாருங்கள். உங்கள் கணினியில் டி என்று இருக்கும் தகட்டு டிரைவ், வன்வட்டை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பவரின் கணினியில் ஈ என்று இருக்கும். நிரலுக்குள் டி என்று கல்வெட்டுப் போல எழுதிவைத்திருந்தால் அது வேறெங்கும் ஓடாது. நிரல் தான் எங்கிருந்து ஓடுகிறது என்பதை இயங்குதளத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நிரலை மாற்ற முடியாத நிலையில், டி என்ற எழுத்து அந்தக் கணினியில் யாருக்கும் தரப்படாமல் இருந்தால், கட்டளைச் சாளரத்தில் சப்ஸ்ட் கட்டளையால் அந்த எழுத்தைத் தகட்டை நோக்கித் திருப்பலாம். கணினி மீண்டும் தொடங்கும்போது அது மறைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

நிரல் துணைக்கு அழைக்கும் டிஎல்எல் கோப்பு ஒன்று இல்லை என்ற செய்தி வந்தால் அதை நிரலுக்குப் பக்கத்திலேயே தகட்டில் வைத்து எழுதினால் பெரும்பாலும் தீரும். விஷுவல் பேசிக் 6 நிரல்களுக்கு வேண்டிய அடிப்படைக் கோப்பு விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் அட்டவணை, நாட்காட்டி போன்ற ஓசிஎக்ஸ் கட்டுப்பாடுகள் கணினியில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நிரலை உருவாக்கிய கணினியில் அவை ஏற்கெனவே பதிவாகியிருப்பதால் அங்கே பிழை தெரியாது. பதிவு செய்ய நிர்வாகி உரிமை வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி முதல், நிரலுக்கு வேண்டியவை எவை என்று சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யாமலேயே ஓட்டவும் வழி உண்டு, தகட்டிலிருந்து ஓடும் நிரலுக்கு அதுவே பொருத்தம். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் அடித்தளத்தை நம்பி ஓடும் நிரல் என்றால் எக்ஸ்பியில் டாட்நெட்டைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். விண்டோஸ் 10இல் பழைய 3.5 பதிப்பை விண்டோஸ் வசதிகள் பகுதியில் இயக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இந்த விண்டோஸ் பதிப்போடு பொருந்தாது என்று ஒரே வரியில் மறுத்துவிட்டால் அது 16 பிட் நிரலாக இருக்கக்கூடும். 64 பிட் விண்டோஸ் அவற்றை ஓட்டாது. டாஸ் காலத்து நிரல் என்றால் டாஸைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளையும் அதே தகட்டில் சேர்த்து எழுதி, அதன் வழியாக ஓட்டலாம்.

இந்த வகைக் கோளாறுகள் அனைத்துக்கும் ஒரே முன்தடுப்புதான் உண்டு: நிரல் எழுதும் கருவி எதுவும் நிறுவப்படாத, உங்களுடையதல்லாத கணினியில் தகட்டைப் போட்டுப் பார்ப்பது.

தமிழ் எழுத்து குலைந்து வருகிறது, அல்லது தமிழ்ப் பெயர் கொண்ட கோப்பு திறக்கவில்லை

நிறுவாமல் ஓடும் நிரலுக்கு எழுத்துருவை நிறுவிக் கொடுப்பவர் யாரும் இல்லை. பழைய தமிழ் நிரல்கள் டாம், டாப், பாமினி போன்ற எழுத்துருக்களை நம்பி எழுதப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வரும். எழுத்துருக் கோப்பைத் தகட்டிலேயே தனிக் கோப்புறையில் வைத்து, அதை வலச்சொடுக்கி நிறுவச் சொல்லலாம். நிரலை மாற்ற முடியுமானால், தான் ஓடும்வரை தனக்கு மட்டும் எழுத்துருவை ஏற்றிக்கொள்ளும் வசதி விண்டோஸ் 2000 முதல் இருக்கிறது. பிறர் கணினியில் எதையும் விட்டுச்செல்லாத அந்த வழியையே நான் விரும்புகிறேன். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16 முறையையும் தமிழ் எழுத்துக் குறியீட்டுத் தரமாக அறிவித்தது. அதற்குப் பிறகு செய்த நிரல்களில் இந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் எக்ஸ்பி ஓடும் கணினியில் யூனிகோடு எழுத்தும் குலையலாம்: கொம்பு, எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றால், வட்டார அமைப்புகளில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவை நிறுவ வேண்டும், அதற்கு எக்ஸ்பியின் நிறுவல் தகடு தேவைப்படும்.

கோப்புப் பெயர்களில் வரும் சிக்கல் இன்னும் நுட்பமானது. தகட்டின் அடிப்படை அமைப்பான ஐஎஸ்ஓ 9660, அதன் முதல் நிலையில் எட்டு எழுத்துப் பெயரும் மூன்று எழுத்து ஒட்டும் மட்டுமே ஏற்கும். அவையும் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றால் மட்டும் அமைய வேண்டும். அதன்மேல் ஜோலியட் என்ற நீட்டிப்பையும் சேர்த்து எழுதினால்தான் தமிழ்ப் பெயர்கள் பிழைக்கும். ஜோலியட் 64 குறியீடுகள் வரை ஏற்கும். 64 எழுத்து தாராளம் என்று தோன்றலாம். ஆனால் யூனிகோடில் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். கோயம்புத்தூர் என்று கண்ணுக்கு ஏழு எழுத்தாகத் தெரியும் பெயர் 13 குறியீடுகளைப் பிடித்துக்கொள்ளும். நீண்ட தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்படுவதும், வெட்டுப்பட்ட பெயரை நிரல் தேடிக் காணாமல் போவதும் இதனால்தான். மேலும் யூனிகோடு அறியாத பழைய நிரலுக்குத் தமிழ்ப் பெயர் வரிசையான கேள்விக்குறிகளாகவே தெரியும். தமிழை நேசிப்பவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு வருத்தமே என்றாலும், தகட்டிலிருந்து ஓடும் நிரல் திறக்க வேண்டிய கோப்புகளுக்குச் சிறிய ஆங்கிலப் பெயர் வைத்து, தமிழ்ப் பெயரைத் திரையில் நிரல் காட்டுமாறு செய்வதே பாதுகாப்பு.

ஓடுகிறது, ஆனால் பொறுமை சோதிக்கும் அளவுக்கு மெதுவாக

தகட்டு டிரைவ் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவச் சுமார் பத்தில் ஒரு வினாடி எடுக்கும். வன்வட்டு அதே வேலையைச் சுமார் நூற்றில் ஒரு வினாடியில் முடிக்கும். ஆகவே தொடங்கும்போது 3,000 சின்னஞ்சிறு கோப்புகளைத் திறக்கும் நிரல், தாவுவதிலேயே ஐந்து நிமிடத்தைக் கழித்துவிடும். சிறு படங்களையெல்லாம் ஒரே பெரிய கோப்பாகக் கட்டி வைத்தால் தொடர்ச்சியாகப் படிக்கலாம். தொடர்ச்சியாகப் படிப்பதில் தகடு மோசமில்லை, சிடியில் ஒரு மடங்கு என்பது வினாடிக்கு 150 கிலோபைட், டிவிடியில் அது ஏறத்தாழ 1,385 கிலோபைட்.

முன்பு வேகமாக ஓடிய தகடு அதே எக்ஸ்பி கணினியில் திடீரென்று மந்தமாகி, படிக்கும்போது சுட்டியும் விக்கி விக்கி நகர்ந்தால், டிரைவ் வேகமான டிஎம்ஏ முறையிலிருந்து மெதுவான பிஐஓ முறைக்கு இறங்கியிருக்கும். ஆறு பிழைகள் சேர்ந்தால் எக்ஸ்பி தானாகவே அப்படி இறக்கிவிடும். ஒரு கீறல் தகட்டைப் போட்டதே போதும். சாதன மேலாளரில் அந்த டிரைவ் இணைந்திருக்கும் ஐடிஇ தடத்தை நீக்கிவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்கினால் பழைய வேகம் திரும்பும். சில நிமிடம் தொடாமல் விட்டால் டிரைவ் சுழற்சியை நிறுத்திவிடும், மறுபடி தொடும்போது சில வினாடி காத்திருக்க வேண்டும், அது இயல்பு.

தகட்டை வெளியே எடுத்ததும் நிரல் சரிந்துவிடுகிறது

நிரல் திறந்துவிட்டது, இனித் தகடு எதற்கு என்று எடுத்துவிடுகிறார்கள். விண்டோஸ் ஒரு நிரலை முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றுவதில்லை. தேவைப்படும் பக்கத்தைத் தேவைப்படும்போதுதான் தகட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தகடு இல்லாத வேளையில் புதிய பொத்தான் ஒன்றை அழுத்தினால் அதற்கான பக்கம் கிடைக்காமல் நிரல் விழும். நிரலைக் கட்டும் மைக்ரோசாஃப்டின் இணைப்பியில் (லிங்கர்) ஸ்வாப்ரன் என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது. அதைச் சிடி என்று கொடுத்து நிரலைக் கட்டினால், ஓடத் தொடங்கும்போதே விண்டோஸ் நிரல் கோப்பை வன்வட்டின் இடமாற்றுக் கோப்புக்கு எடுத்துக்கொள்ளும். இது நிரல் கோப்புக்கு மட்டுமே பொருந்தும். படங்களுக்கும் தரவுத்தளத்துக்கும் தகடு உள்ளே இருந்தே ஆக வேண்டும்.

லினக்ஸில் அனுமதி இல்லை என்கிறது

கோப்பின் அனுமதிகளைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், ஆனாலும் ஓடாது. தகட்டை இணைக்கும்போது (மவுண்ட்), நிரல்களை ஓட்டத் தடை விதிக்கும் நோஎக்ஸெக் என்ற தேர்வோடு இணைத்திருப்பதே பெரும்பாலும் காரணம். சாதாரணப் பயனர் இணைக்கலாம் என்ற தேர்வை இணைப்புப் பட்டியலில் கொடுத்தாலே அதுவும் கூடவே வந்துவிடும். எக்ஸெக் தேர்வோடு மீண்டும் இணைத்தால் ஓடும். லினக்ஸ் நிரல்களைத் தகட்டில் எழுதும்போது ராக் ரிட்ஜ் நீட்டிப்பையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாவிட்டால், ஒரு கோப்பை வேறொரு பெயரிலிருந்து சுட்டும் குறுக்கிணைப்புகள் காணாமல் போகும்.

கணினியில் தகட்டு டிரைவே இல்லை

புதிய மடிக்கணினிகளில் இப்போது இதுதான் முதல் அறிகுறி. வெளியே இணைக்கும் யூஎஸ்பி டிரைவ் வாங்கியும் தகடு சுழன்று சுழன்று நின்றால் மின்சாரம் போதவில்லை என்று பொருள். யூஎஸ்பி 2 துளை 500 மில்லிஆம்பியர்தான் தரும். நீட்டிப்புக் கம்பி இல்லாமல் கணினியிலேயே நேராகச் செருகுங்கள், இரண்டு செருகிகள் கொண்ட கம்பி என்றால் இரண்டையும் செருகுங்கள். டிரைவ் வாங்க விருப்பமில்லாதவர்களுக்கு, டிரைவ் உள்ள கணினியில் தகட்டின் ஐஎஸ்ஓ படிமத்தை எடுத்துக் கொடுக்கலாம். விண்டோஸ் 8 முதல் அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கினாலே ஒரு தகட்டு டிரைவாகத் திறந்துகொள்ளும். அந்தப் படிமமும் படிக்க மட்டுமே என்பதால் சேமிக்கும்போது வரும் பிழைகள் அங்கேயும் அப்படியே வரும், டிரைவ் எழுத்தும் மாறியே வரும். அதனாலேயே இப்போதெல்லாம் தகடு எழுதுவதற்கு முன் படிமத்தை உருவாக்கி, அதை இப்படித் திறந்து, ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி, அச்சுவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் முதல் தகட்டை டிரைவில் வைக்கிறேன்.